பாய்ப்படகுப் பந்தயத்தின் சட்டதிட்டங்கள் வளர்ந்த வரலாறு



போர்ட்டிக்சன் கடற்கரைக்கோ சிங்கப்பூரின் கீழைக் கடற்கரைக்கோ சென்றவர்கள், தொலைவில் சிறு படகுகள் பாய் விரித்து ஓடுவதைக் கண்டிருக்கக்கூடும். கரையில் நின்று பார்க்கும் நமக்கு அவை மனம்போன போக்கில் அலைவதாகவே தோன்றும். ஓடுகளம் இல்லை, கோடு இல்லை, ஊதல் ஊதும் நடுவரும் கண்ணில் படுவதில்லை. எனினும் அங்கே நடப்பது ஒரு பந்தயமானால், ஒவ்வொரு படகும் எழுதிவைத்த சட்டத்துக்குக் கட்டுப்பட்டே ஓடுகிறது. அந்தச் சட்டம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது என்பதையே இன்று நாம் காண இருக்கிறோம்.

பாய்மரப் பந்தயம் முதலில் மன்னர்களின் பொழுதுபோக்காக இருந்தது. 1660ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு டச்சுக்காரர்கள் ஓர் உல்லாசப் படகைப் பரிசாக அளித்தார்கள். அடுத்த ஆண்டு, 1661இல், மன்னரும் அவருடைய தம்பி யார்க் கோமகனும் தேம்ஸ் ஆற்றில் பந்தயம் விட்டார்கள். கிரீன்விச்சிலிருந்து கிரேவ்செண்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். பந்தயப் பணம் 100 பவுன். போகும்போது தம்பி முந்தினார். வரும்போது அண்ணன் முந்தினார். இருவருக்குள் நடந்த பந்தயத்துக்கு வாய்ப்பேச்சே போதுமானதாக இருந்தது. சட்டப் புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை.

படகுகள் பெருகியபோது வாய்ப்பேச்சு போதவில்லை. இதற்கு நல்ல சான்று 1851ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயம். அதில் 15 படகுகள் ஓடின. நங்கூரமிட்ட நிலையிலிருந்து, பீரங்கி முழங்கியதும் புறப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. 'அமெரிக்கா' என்ற அமெரிக்கப் படகு தாமதமாகக் கிளம்பியும் முதலாவதாக வந்து சேர்ந்தது. ஆனால் அது 'நாப்' என்னும் கலங்கரை விளக்குக் கப்பலுக்கு உட்பக்கமாகச் சென்றுவிட்டது. வெளிப்பக்கமாகச் செல்வதே வழக்கம் என்று புகார் எழுந்தது. அமெரிக்கர்களிடம் கொடுக்கப்பட்ட அச்சுத்தாளிலோ அப்படி ஒரு கட்டளை இல்லை. அவர்களுடைய வெற்றி நிலைத்தது. 'அமெரிக்கக் கோப்பை' என்று உலகம் இன்று அறியும் போட்டிக்கு அந்த வெற்றியே தொடக்கம்.

நேயர்களே, இந்த நிகழ்ச்சியை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 'எங்கள் வழக்கம் இது' என்று உள்ளூர்க்காரர் சொல்கிறார். 'எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே' என்று வெளியூர்க்காரர் சொல்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. எழுதப்படாத விதி, அதை அறிந்தவனுக்கே உதவும். புதிதாக வந்தவனுக்கு அது கண்ணுக்குத் தெரியாத பள்ளம். ஆகவேதான் இன்றைய பந்தயங்களில், எந்தக் குறியை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தாக வேண்டும். போட்டி அறிவிப்பு என்பது ஒரு தாள். ஓட்டக் கட்டளைகள் என்பது மற்றொரு தாள். இரண்டும் போட்டியாளர் அனைவருக்கும் பொதுவாகக் கிடைக்க வேண்டும்.

அந்த நாட்களில் ஒவ்வொரு சங்கமும் தனக்கென ஒரு சட்டம் வைத்திருந்தது. அதனால் குழப்பம் மிகுந்தது. 1875இல் பிரிட்டனில் பாய்ப்படகுப் பந்தயச் சங்கம் ஒன்று தோன்றி நாட்டுக்குப் பொதுவான விதிகளை வகுத்தது. 1907இல் ஐரோப்பிய நாடுகள் பாரிஸ் நகரில் கூடி அனைத்துலகச் சம்மேளனத்தை அமைத்தன. அப்போதும் அமெரிக்கா வேறு வழியில் சென்றது. அமெரிக்கரான ஹெரால்டு வாண்டர்பில்ட் என்பவர், எந்தப் படகு எந்தப் படகுக்கு வழிவிட வேண்டும் என்பதைத் தெளிவாக வரையறுக்கும் புதிய விதித்தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். 1960ஆம் ஆண்டளவில் அந்தக் கருத்துகளும் இணைந்து, உலகுக்கெல்லாம் ஒரே சட்டம் என்ற நிலை ஏற்பட்டது. அந்தச் சம்மேளனம் இப்போது உலகப் பாய்ப்படகுச் சம்மேளனம் என்று வழங்குகிறது. ஒலிம்பிக் போட்டிகளை ஒட்டி, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை விதிகள் திருத்தப்படுகின்றன.

இனி, 'டிங்கி' என்னும் சிறு படகின் கதைக்கு வருவோம். இந்தச் சொல் ஆங்கிலேயருடையது அன்று. வட இந்திய ஆறுகளில் ஓடிய சிறு படகின் பெயரான 'டிங்கி' என்பதையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெரிய கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆள் ஏற்றிய எளிய படகு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒட்டுப்பலகையும் நீரில் கரையாத பசையும் மலிவாகக் கிடைத்தன. 1947இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக 'ஆப்டிமிஸ்ட்' என்ற படகை வடிவமைத்தார். அதன் நீளம் ஏறக்குறைய எட்டடிதான். 1962இல் பிரிட்டனில் ஒரு நாளிதழின் பெயரோடு வந்த 'மிர்ரர்' படகை, சாதாரண மக்கள் தங்கள் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். அரண்மனையில் பிறந்த விளையாட்டு, இவ்வாறு கொல்லைப்புறத்துத் தச்சுப்பலகைக்கு இறங்கி வந்தது.

பந்தயத்துக்கு முன் படகுகளையும் பாய்களையும் அளந்து பார்ப்பார்கள். பால் நிறுக்கும் தராசு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தானே உழைப்பு தெரியும்? அதுபோலப் படகுகள் ஒரே அளவில் இருந்தால்தான் ஓட்டுபவரின் திறமை தெரியும்.

பிறகு பந்தய அதிகாரி காற்றின் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே தொடக்கக் கோட்டை அமைக்கிறார். நடுவர் படகின் கம்பம் ஒரு முனை, மிதவை மறுமுனை. படகுகளை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க இயலாது; காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். எனவே நேரக் கணக்கில்தான் தொடக்கம் நடைபெறுகிறது. 5 நிமிடம் இருக்கும்போது அந்தப் படகு வகைக்குரிய கொடி ஏறும். ஓர் ஒலி எழும். 4 நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி ஏறும். பெரும்பாலும் அது நடுவில் வெள்ளைச் சதுரம் உடைய நீலக் கொடியாக இருக்கும். 1 நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். நீண்ட ஒலி எழும். முதற்கொடி இறங்கும் நொடியே பந்தயம் தொடங்கும் நொடி.

இங்கே நுட்பமான ஒரு விதி உண்டு. கணக்கில் எடுக்க வேண்டியது கொடியையே, ஒலியை அன்று. காரணம் என்ன? ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். கோட்டின் கடைசியில் நிற்பவனுக்கு அது தாமதமாகவே எட்டும். கொடி இறங்குவதை எல்லாரும் ஒரே கணத்தில் காணலாம். அருகில் இருப்பவனுக்கு ஒரு நீதி, எட்ட இருப்பவனுக்கு ஒரு நீதி என்று ஆகிவிடக் கூடாதன்றோ? ஒருவர் முந்திக் கோட்டைக் கடந்தால் நீலச் சிலுவை இட்ட வெள்ளைக் கொடி ஏறும். அவர் திரும்பி வந்து மீண்டும் புறப்பட வேண்டும். பலர் ஒன்றாக முந்திவிட்டால் மஞ்சளும் நீலமும் கலந்த முக்கோணக் கொடி ஏற்றி அனைவரையும் அழைத்துவிடுவார்கள்.

ஓட்டத்தின்போது வழிவிடும் விதிகள் முக்கியமானவை. இடப்பக்கமாகக் காற்று வாங்கும் படகு, வலப்பக்கமாகக் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். ஒரே பக்கமாகக் காற்று வாங்கும் இரு படகுகள் இணையாக ஓடினால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும். பின்னால் வருவது முன்னால் செல்வதை இடிக்கக் கூடாது. விதி மீறியதை உணர்ந்தவர், யாரும் சொல்லாமலே, தம் படகை இரண்டு முறை முழு வட்டமாகச் சுழற்றித் தண்டனையை நிறைவேற்றிக்கொள்ளலாம். முற்காலத்தில் விதி மீறியவர் பந்தயத்தை விட்டே விலக வேண்டியிருந்தது.

கருத்து வேறுபாடு எழுந்தால், 'புரொட்டெஸ்ட்' என்று உரக்கக் கூவி, கரைக்கு வந்தபின் குறித்த நேரத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். குழுவினர் இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கவும், சாட்சிகளைக் கேள்வி கேட்கவும் உரிமை உண்டு. அந்த வழக்கில் தன்னலம் உடையவர் நீதி சொல்லும் இருக்கையில் அமரக் கூடாது. புள்ளிக் கணக்கு எளியது: முதலாவதாக வந்தவருக்கு 1, இரண்டாமவருக்கு 2, முடிவில் குறைந்த புள்ளி உடையவரே வெற்றியாளர்.

இத்தனை விதிகளுக்கும் முன்னே நிற்பது ஒன்று உண்டு. ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி அனைத்தும் செய்ய வேண்டும் என்பதே அது. 1988 செப்டம்பர் 24இல், சோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் பூசான் கடலில் நடந்துகொண்டிருந்தன. கனடா நாட்டின் லாரன்ஸ் லெமியூ தம் பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தார். காற்று பேயாய் வீசியது. பக்கத்துப் பந்தயக் களத்தில் சிங்கப்பூர் வீரர் இருவரின் படகு கவிழ்ந்து கிடந்தது. லெமியூ பதக்கத்தை எண்ணவில்லை; படகைத் திருப்பினார். இருவரையும் தூக்கிக் காப்பாற்றி, காவல் படகு வரும்வரை காத்திருந்து, பிறகே தம் பந்தயத்தைத் தொடர்ந்தார். வெகுவாகப் பின்தங்கிப்போனார். நடுவர் குழு விசாரித்து, அவர் விட்டுச்சென்ற இரண்டாம் இடத்தையே அந்த ஓட்டத்துக்கு அளித்தது. தொடர் முழுவதையும் சேர்த்து அவர் 11ஆவதாகவே வந்தார். எனினும் நல்லுணர்வுக்கான பியர் தெ கூபர்த்தான் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

சிறுவர் பந்தயங்களில் கடலுக்குள் சென்றவர் எத்தனை பேர், திரும்பியவர் எத்தனை பேர் என்று கரையில் கணக்கெடுப்பார்கள். பலவிடங்களில் எண்ணிட்ட வில்லைகளைக் கொடுத்து வாங்குவது வழக்கம். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதைப் போன்ற வேலைதான். ஆனால் இது கூலிக் கணக்கு அன்று, உயிர்க் கணக்கு. கடைசிப் பிள்ளை கரையேறும்வரை பந்தய அதிகாரியின் கடமை முடிவதில்லை.

தோட்டத்துத் திடலில் ஓட்டப் பந்தயமோ பந்தாட்டமோ நடத்தும் இளைஞர்களுக்கும் இதில் பாடம் உண்டு. விதியை முன்னரே எழுதுங்கள். எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். புகார் சொல்பவனைப் பேச விடுங்கள். விழுந்தவனைத் தூக்க நின்றவனைத் தோற்றவனாக எண்ணாதீர்கள். கடலில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கற்றுக்கொண்டவை இவை. நம் திடலுக்கும் பொருந்தும்.