கணிப்பொறி கண் விழிக்கும் கதை

நெய்வேலி நகரியத்தில் வளரும் பிள்ளைகளுக்கு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெருமுனை மரங்களைப் போலப் பழகியவை. பழுப்பு நிலக்கரியை எரித்து, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியைச் சுற்றி மின்சாரம் பெறுகிறோம் என்பதைப் பள்ளி மாணவனும் சொல்லிவிடுவான். அவனிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: முழுவதும் நின்றுபோன மின்நிலையத்தை மறுபடியும் எப்படி ஓடச் செய்வது?

கேள்வி எளிது, விடை அவ்வளவு எளிதன்று. நிலக்கரியைக் கொண்டுவரும் பட்டை ஓட மின்சாரம் வேண்டும். அதை அரைக்கும் ஆலைக்கும், காற்றை ஊதும் விசிறிக்கும், கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். ஆக, மின்சாரம் உண்டாக்கவே மின்சாரம் தேவைப்படுகிறது! 2012 ஜூலை 31 அன்று வட, கிழக்கு, வடகிழக்கு இந்திய மின்தொடர்கள் ஒருங்கே வீழ்ந்தபோது அங்கிருந்த அனல்மின் நிலையங்கள் பலவும் இந்தச் சிக்கலில்தான் அகப்பட்டன. தென்னக மின்தொடர் அப்போது அவற்றோடு ஒரே அலைவெண்ணில் பிணைக்கப்படாமல் தனித்து இயங்கியதால் நாம் தப்பினோம். இத்தகைய வேளையில் ஒரு டீசல் எந்திரமோ, புனல்மின் நிலையமோ முதலில் ஓடத் தொடங்கும். சிறியது சற்றுப் பெரியதை எழுப்பும். அது அதனினும் பெரியதை எழுப்பும்.

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் கணிப்பொறியும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் கண் விழிக்கிறது. அது எந்த வேலையைச் செய்யவும் நினைவகத்தில் ஒரு நிரல் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றதும் அந்த நினைவகம் வெறுமையாகிவிடும். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் வட்டில் பத்திரமாக இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் வட்டிலிருந்து அதை நினைவகத்துக்குக் கொண்டுவரவும் ஒரு நிரல் தேவை. அந்த நிரலைக் கொண்டுவருவது யார்?

ஒரு மாணவரின் கவலை

சில மாதங்களுக்கு முன் மாணவர் ஒருவர் தம் அண்ணனின் பழைய மடிக்கணினியுடன் என் வீட்டுக்கு வந்தார். அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு வழங்கிய கணினி அது. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் அருகருகே இருந்ததை வாசகர்களில் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். பாஸ் லினக்ஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கு ஏற்ப உருவாக்கி 2007இல் வெளியிட்டது. கணினியைத் திறந்ததும் "எது வேண்டும்?" என்று கேட்கும் ஒரு பட்டியல் திரையில் தோன்றும்.

நம் மாணவர் இடம் போதவில்லை என்று, பயன்படுத்தாத பாஸ் லினக்ஸின் பகுதியை விண்டோஸிலிருந்தபடியே அழித்துவிட்டார். மறுமுறை திறந்தபோது பட்டியலும் வரவில்லை, விண்டோஸும் வரவில்லை. "அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை" என்னும் பொருளில் ஓர் ஆங்கில வரி; அதன் கீழே "கிரப் ரெஸ்க்யூ" என்ற சொற்கள்; அவ்வளவுதான். பழுது பார்க்கும் கடையில் "எல்லாம் போய்விட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும்" என்றார்களாம். ஆய்வுத்திட்டத்தின் அளவீடுகளும் குடும்பப் படங்களும் அதில்தான் இருந்தன. வேறு படி கிடையாது.

அழித்தது லினக்ஸை, விண்டோஸ் ஏன் எழவில்லை? இதற்கு விடை காண நாம் எழுபது ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

பொத்தானும் சாவிகளும்

1952இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 701 என்னும் கணிப்பொறியில் "ஏற்று" எனப் பொருள்படும் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளையிட்ட அட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ மிகச் சிறு கட்டளைத் துணுக்கு மட்டும் உள்ளே வரும். அந்தத் துணுக்கு மேலும் சில கட்டளைகளை அழைக்கும். அவை முழு நிரலையும் அழைக்கும். தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது போன்றது இது என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். காலணி வாரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான "பூட்ஸ்டிராப்" குறுகித்தான் இன்றைய "பூட்" ஆயிற்று. முழு இயங்குதளத்தையும் ஏற்றிவிடும் சிறு நிரலுக்குப் "பூட் லோடர்" என்று பெயர்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973இல் ஐ.பி.எம். 370 வரிசைக் கணிப்பொறி ஒன்று வந்தது. அறையையே அடைத்துக்கொள்ளும் அந்த வரிசை எந்திரங்கள் விழித்தெழும்போது முதலில் படிப்பது வெறும் 24 பைட்டுகள்தாம்! சிறிய எந்திரங்களிலோ இந்த உதவியும் இல்லை. 1975இல் வெளிவந்த ஆல்டேர் 8800 கணிப்பொறியின் முகப்பில் வரிசையாகச் சிறு சாவிகள் இருந்தன. தொடக்க நிரலின் ஒவ்வொரு பைட்டையும் அவற்றை மேலும் கீழும் தட்டித்தான் ஏற்ற வேண்டும். ஒரு சாவி தவறினால் மறுபடி முதலிலிருந்து. அழியா நினைவகச் சில்லுகள் மலிவான பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டுகள்

1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் அத்தகைய சில்லு ஒன்றில் பயாஸ் என்னும் நிரல் குடியிருந்தது. மின்சாரம் வந்ததும் அது விழித்து, உறுப்புகளைச் சோதித்து, வட்டின் முதல் கூறைப் படித்துவிட்டுப் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும். அந்தக் கூறின் அளவு 512 பைட்டுகள்.

1983 முதல் ஹார்டு டிஸ்க்கில் இந்த 512 பைட்டுகள் எப்படிப் பங்கிடப்பட்டன என்று பாருங்கள். 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு. வட்டில் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்னும் அட்டவணைக்கு 64. இறுதியில் அடையாள முத்திரையாக 2. ஒரு பகுதிக்கு 16 பைட்டு வீதம் நான்கு பகுதிகளை அட்டவணையில் குறிக்கலாம். ஆனால் தொடக்க நிரலுக்கு இருக்கை ஒன்றே ஒன்றுதான்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. வட்டில் நான்கு குடித்தனங்கள் இருக்கலாம்; வாசற்படியோ ஒன்று. புதிதாக வரும் இயங்குதளம் தன் காவலாளியை வாசலில் நிறுத்தினால் பழைய காவலாளி போய்விடுவார். விண்டோஸைப் புதிதாக நிறுவினால் அது முன்பிருந்த தொடக்க நிரலைக் கேளாமலேயே அழித்துத் தன்னுடையதை எழுதிவிடும். உள்ளே லினக்ஸ் அப்படியே இருக்கும். அதற்கு வழி காட்டத்தான் ஆள் இருக்காது.

1992இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோ என்னும் ஏற்றி, லினக்ஸின் கருநிரல் வட்டில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்ற எண்களைக் குறித்து வைத்துக்கொண்டது. கருநிரலை மாற்றிவிட்டு, லைலோவிடம் சொல்ல மறந்தால் கதை முடிந்தது. ஆனால் அதனிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும், கட்டம் கட்டமாக வேலை நடக்க நடக்க, ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும். எந்த எழுத்தோடு நின்றது என்பதைக் கொண்டே எங்கே பழுது என அறியலாம்.

1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் வேறு வழி கண்டது. 446 பைட்டில் ஒரு துணுக்கு மட்டும் நிற்கும். வட்டின் கோப்புகளைப் படிக்கத் தெரிந்த அடுத்த துண்டை அது அழைக்கும். பட்டியலைக் காட்டத் தேவையான எஞ்சிய பகுதிகள் லினக்ஸின் பார்ட்டிஷனில் கோப்புகளாக இருக்கும்.

இப்போது நம் மாணவருக்கு நேர்ந்தது விளங்கும். அவர் அழித்த பகுதியில்தான் கிரப்பின் எஞ்சிய பாகமும் இருந்தது. வாசலில் நின்ற துணுக்கு உள்ளே திரும்பிப் பார்த்தது, கூட்டாளியைக் காணோம். ஆகவே விண்டோஸுக்கும் வழிகாட்ட முடியாமல் நின்றுவிட்டது. விண்டோஸின் ஒரு பைட்டும் அழியவில்லை.

புதிய வாசல், புதிய பூட்டு

பயாஸின் இடத்தை இப்போது யூ.இ.எஃப்.ஐ. என்னும் ஏற்பாடு பிடித்துக்கொண்டது. இதை வளர்க்கும் மன்றம் 2005இல் அமைந்தது. இதன்படி வட்டில் தொடக்கத்துக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. ஒவ்வோர் இயங்குதளமும் அதில் தன் ஏற்றியைத் தனித்தனி அடைவில் வைக்கலாம். எது முதலில் என்னும் வரிசையைத் தாய்ப்பலகையின் நினைவகம் குறித்துக்கொள்ளும். ஒருவர் மற்றவரை அழிக்கும் தேவை இல்லை. வரிசையில் முந்திக்கொள்வதே இப்போதைய வழக்கம். புதிய இயங்குதளத்தை நிறுவியபின் பழையது காணாமற்போனால், பெரும்பாலும் அந்த வரிசையை மாற்றினாலே போதும். ஆயினும் ஓர் இயங்குதளத்தைப் பழைய பயாஸ் முறையிலும் மற்றதைப் புதிய முறையிலும் நிறுவிவிட்டால், ஒரே பட்டியலிலிருந்து இரண்டையும் எழுப்ப இயலாது. பலர் இடறும் இடம் இது.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது வாசலுக்குப் பூட்டும் வந்தது. நம்பத்தக்க கையொப்பம் உள்ள ஏற்றியை மட்டுமே ஏற்கும் "செக்யூர் பூட்" முறை அது. தீய நிரல்கள் வாசலிலேயே புகுந்துவிடாமல் தடுப்பது நோக்கம். ஆனால் 2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, பழைய ஏற்றிகளை விலக்கும் முயற்சியில், இரட்டை இயங்குதளக் கணிப்பொறிகள் பலவற்றில் லினக்ஸையே எழவிடாமல் செய்துவிட்டது. இரட்டைக் கணிப்பொறிகளை அது தொடாது என்றுதான் சொல்லப்பட்டிருந்தது!

எங்கே நின்றது?

இந்த வரலாறு நமக்கு ஒரு நடைமுறைப் பாடமும் தருகிறது. கணிப்பொறி எழாவிட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தப் படியில் நின்றது?" என்பதே. துவக்கும் வட்டு இல்லை என்று திரை சொன்னால், வாசலுக்கே வழி தெரியவில்லை. வட்டின் இணைப்பையும் வரிசையையும் பாருங்கள். "கிரப் ரெஸ்க்யூ" என்றால், தொடக்கத் துண்டுகள் இருக்கின்றன, எஞ்சிய பகுதிகள் கிடைக்கவில்லை. பட்டியல் வந்து ஓர் இயங்குதளத்தின் பெயர் மட்டும் இல்லையென்றால், பட்டியலைப் புதுப்பித்தால் போதும். பெயரைத் தேர்ந்த பிறகு பாதியில் நின்றால், ஏற்றி தன் வேலையை முடித்துவிட்டது. பழுது அதற்கு அப்பால்.

எந்த நிலையிலும் ஃபார்மட் செய்வது முதல் மருந்தன்று. பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டு கணிப்பொறியை எழுப்பலாம். வட்டின் பகுதிகள் தெரிகின்றனவா என்று பார்த்து, முக்கியமான கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகே ஏற்றியைத் திரும்ப நிறுவ வேண்டும்.

அன்று மாலை நாங்கள் செய்ததும் இதுவே. பென் டிரைவைச் செருகியதும் விண்டோஸின் கோப்புகள் யாவும் இருந்த இடத்திலேயே தென்பட்டன. அளவீடுகளைப் படியெடுத்தோம். அழித்த இடத்தில் வேறொரு லினக்ஸை நிறுவினோம். அது புதிய கிரப்பைக் கொண்டுவந்து, விண்டோஸையும் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. விண்டோஸ் எழுந்ததும் மாணவர் முதலில் திறந்து பார்த்தது தம் அளவீடுகளை அல்ல, பாட்டியின் படத்தை.

இருண்டு கிடக்கும் மின்நிலையத்தைப் பார்த்து அது பாழாகிவிட்டது என்று நெய்வேலியில் யாரும் சொல்லமாட்டார்கள்; தொடக்க மின்சாரம் எங்கிருந்து வரும் என்றே கேட்பார்கள். கருத்த திரையின் முன்னும் நாம் கேட்க வேண்டியது அதுதான்.