பப்பாயின்

பப்பாயின் (பெயர்ச்சொல்): பப்பாளிக் காயின் பாலில் உள்ள, புரதத்தைச் சிறு துண்டுகளாக அறுக்கும் நொதி. கரீபியப் பகுதியின் பழங்குடி மொழியிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற 'பப்பாயா' என்னும் பெயரோடு, வேதிப்பொருளைச் சுட்டும் 'இன்' விகுதியைச் சேர்த்து, 1879இல் பிரெஞ்சு வேதியியலாளர் அடோல்ப் வூர்ட்சும் மருத்துவர் பூஷூவும் இச்சொல்லை ஆக்கினர். 'நொதி' என்னும் பொதுச்சொல், புளித்துப் பொங்குதலைக் குறிக்கும் 'நொதித்தல்' என்பதன் அடியாகப் பிறந்து, உடலின் வேதிவினையைத் தான் மாறாமல் விரைவுபடுத்தும் பொருளைக் குறிக்கிறது.

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5 ஆகிய பப்பாளி ரகங்களைப் பப்பாயின் எடுப்பதற்கும் உகந்தவையாக உருவாக்கியதால், இது கொங்கு உழவர்க்கும் உரிய சொல்லாயிற்று. 75 முதல் 90 நாள் முதிர்ந்த காயில், காலையில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீளவாக்கில் கீறிப் பாலை வடித்து, 50 முதல் 55 பாகை செல்சியசில் உலர்த்துவர்; வெப்பம் மிகுந்தால் நொதியின் ஆற்றல் கெடும்.

இந்நொதி செரிமான மருந்துகளில் சேர்கிறது. 1959இல் உயிர்வேதியியலாளர் ராட்னி போர்ட்டர் இதனைக் கொண்டு நோய் எதிர்ப்புப் புரதத்தைத் துண்டாக்கி அதன் அமைப்பை விளக்கியதும், 1972இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் இதன் பெருமைக்குச் சான்று. இதய மருந்தான டிஜாக்சின் நஞ்சாகும்போது உயிர்காக்கும் முறிமருந்தும், ஆட்டின் எதிர்ப்புப் புரதத்தைப் பப்பாயினால் அறுத்தே செய்யப்படுகிறது.