முத்திரை மோதிரமும் போலி முகங்களும்



சென்ற ரமளானின் கடைசிப் பத்தில் ஒரு மாலை, நம் மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒன்றின் உம்மா நம்மைத் தேடி வந்தார். யூடியூபில் தாம் நாள்தோறும் கேட்டு வரும் ஓர் ஆலிமின் பயானுக்குக் கீழே அவர் ஒரு துஆவை எழுதியிருந்தார். சற்று நேரத்தில் அதே ஆலிமின் பெயரும் படமும் தாங்கிய பதில் ஒன்று வந்தது. ஏழைக் குமர் ஒன்றின் திருமணத்திற்கு ஜகாத் திரட்டுவதாகவும், தனியே தொடர்பு கொள்ளுமாறும் அது கூறிற்று. வளைகுடாவிலுள்ள கணவர் அனுப்பிய பணத்தில் ஜகாத்துக்கென ஒதுக்கி வைத்திருந்ததை அவர் அனுப்பிவிட்டார். எழுதியது அந்த ஆலிம் அல்லர் என்பது பிறகே தெரிய வந்தது. பணம் போன வருத்தத்தைவிட, "என் ஜகாத் நிறைவேறியதா உஸ்தாத்?" என்ற கவலையே அவரிடம் மிகுந்திருந்தது.

ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறங்களில் தமிழ்நாட்டு மாவட்டங்களும் சூழ்ந்த நம் காரைக்காலில், வீட்டு ஆண்கள் வளைகுடாவிலும் பிரான்சிலும் இருக்கும் குடும்பங்கள் பல. அவ்வீடுகளில் கைப்பேசியே கடிதமாகவும் பயான் மேடையாகவும் ஆகிவிட்டது. ஆகவே இவ்வஞ்சகத்தை ஒரு பெண்மணியின் ஏமாளித்தனம் என்று ஒதுக்கிவிட இயலாது. உலகப் புகழ் பெற்றவர்களும் இதற்குத் தப்பவில்லை. அமெரிக்காவில் தொழில்நுட்பக் காணொளிகள் வெளியிடும் மார்க்கஸ் பிரவுன்லீ, தம் பெயரிலும் படத்திலும் போலிகள் புகுந்து, பரிசு விழுந்ததாகக் கூறித் தம் பார்வையாளர்களை ஏமாற்றுவதை 2022இல் வெளிப்படையாக முறையிட்டார். அவ்வாண்டு ஜூலை இறுதி முதல் சேனல்கள் தம் சந்தாதாரர் எண்ணிக்கையை மறைக்கும் வசதியை யூடியூப் நீக்கிற்று. அசலைப் போலத் தோன்றும் பொருட்டுப் பெயரில் விசித்திரக் குறிகளைச் சேர்ப்பதற்கும் வரம்பு விதித்தது.

புதிய கருவியில் நிகழும் இக்குற்றம் மிகப் பழையது. பிறர் பெயரைத் திருடிப் பேசுவதற்கு எதிராக நம் சமுதாயம் தொடக்கக் காலத்திலேயே அரண் எழுப்பியது.

நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்பதில்லை என்று தெரிவிக்கப்பட்டது. உடனே வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பெற்று, அதில் 'முஹம்மது', 'ரசூல்', 'அல்லாஹ்' என்ற சொற்கள் மூன்று வரிகளாகப் பொறிக்கப்பட்டன. அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் அண்ணலார் (ஸல்) தடுத்தார்கள். அன்புற்ற தோழர்களே சுற்றியிருந்த காலத்தில் இத்தடை பிறந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒருவரின் அடையாளம் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பது, பிறர் மீது ஐயம் கொண்டதால் எழுந்த விதியன்று. எல்லோரையும் காக்கும் ஒழுங்கு.

அந்த மோதிரம் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோருக்குப் பின் உஸ்மான் (ரலி) அவர்களின் கைக்கு வந்தது. மதீனாவின் அரீஸ் கிணற்றில் அது விழுந்துவிட, பெருமுயற்சி செய்தும் கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 35இல், கலீஃபாவிடம் முறையிட்டுவிட்டு ஊர் திரும்பிய எகிப்தியர் வழியில் ஒரு தூதனை மடக்கினர். தங்களைத் தண்டிக்குமாறு எகிப்தின் ஆளுநருக்கு எழுதப்பட்ட கடிதம், கலீஃபாவின் முத்திரையுடன் அவனிடம் இருந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தாம் அதை எழுதவுமில்லை, எழுதச் சொல்லவுமில்லை, அறியவுமில்லை என்று உஸ்மான் (ரலி) சத்தியம் செய்தார்கள். கொதித்துப் போயிருந்தோர் அச்சத்தியத்தை ஏற்கவில்லை. முற்றுகை நீண்டது, கலீஃபா ஷஹீதாக்கப்பட்டார்கள். பிறர் பெயரில் எழுதப்பட்ட ஒரு தாள் எவ்வளவு பெரிய நெருப்பை மூட்டவல்லது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

அந்தக் குழப்பத்திற்குப் பின்னரே மக்கள் ஹதீஸ் கூறுவோரிடம், "உமக்கு அறிவித்தவர் யார்?" என்று கேட்கத் தலைப்பட்டனர் என்பார்கள் தாபியீன்களில் ஒருவரான இப்னு ஸீரீன் (ரஹ்). இன்று மதரஸாக்களில் நாம் ஓதிக் கொடுக்கும் ஸனது என்னும் அறிவிப்பாளர் சங்கிலி இவ்வாறு வலுப்பெற்றது.

சங்கிலி இருந்தும் வஞ்சகர் ஓயவில்லை. பக்தாதின் ருஸாஃபா பள்ளிவாசலில் கதை சொல்லி ஒருவன், இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்), யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) ஆகிய இருவரும் தனக்கு அறிவித்ததாகக் கூறி, கலிமாச் சொல் ஒவ்வொன்றிலிருந்தும் பொன் அலகுள்ள பறவை படைக்கப்படும் என்று அளந்துகொண்டிருந்தானாம். அவ்விருவரும் அதே சபையில் அமர்ந்திருந்தனராம். மக்களிடம் காசு வாங்கி முடித்தவனை அழைத்து, "அந்த யஹ்யா நானே, அஹ்மத் இவரே" என்று இப்னு மயீன் கூற, உலகில் வேறு அஹ்மதும் யஹ்யாவும் இல்லையா, பதினேழு அஹ்மத் இப்னு ஹன்பல்களிடம் நான் எழுதியிருக்கிறேன் என்று அவன் நகைத்தானாம்.

இக்கதையைப் பயான்களில் பலமுறை கேட்டிருப்போம். ஆனால் ஹிஜ்ரி 748இல் மறைந்த இமாம் தஹபீ (ரஹ்) இதன் ஸனதையே ஆராய்ந்து, இதை அறிவிப்பவர் தாம் அறியாத ஒருவர் என்றும், அவரே இதைப் புனைந்திருக்கக்கூடும் என்றும் ஐயுற்றார்கள். பொய்யரைத் தோலுரிக்கும் கதையாயிற்றே, நல்ல படிப்பினை தருகிறதே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. நம் முன்னோரின் நேர்மை இதில்தான் இருக்கிறது. நமக்குப் பிடித்த செய்தியானாலும், நன்மையின் பெயரால் வந்ததானாலும், வந்த வழியைக் கேட்டே ஏற்றார்கள். செய்தி வந்தால் தெளிவு பெறுங்கள் என்ற 49:6 வசனத்தின் கட்டளையும் கேட்பவரை நோக்கியதே.

இன்றும் அதே கேள்வியைக் கேட்போம். யூடியூபில் சரிபார்ப்புக் குறிக்கு விண்ணப்பிக்கவே 1 லட்சம் சந்தாதாரர்கள் தேவை. நம் ஊர் ஆலிம்களின் சிறிய சேனல்கள் பலவற்றுக்கு அக்குறி கிடைக்காது. எனவே பெயரையும் படத்தையும் பார்த்து நம்பாமல், அதைத் தொட்டு உள்ளே சென்று, பழைய பயான்கள் இருக்கின்றனவா, சந்தாதாரர் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். பணம் கேட்டால், அவரை நேரில் அறிந்தவரிடமோ அவரது பள்ளிவாசலிலோ விசாரித்த பின்னரே கொடுக்க வேண்டும். சேனல் நடத்தும் ஆலிம்கள், தாம் கருத்துப் பகுதியில் பணம் கேட்பதில்லை என்பதைப் பயானின் தொடக்கத்திலேயே சொல்லி வைப்பது நலம். போலியைக் கண்டால் அந்தப் பக்கத்திலேயே புகார் செய்யலாம். பணம் இழந்தவர் வெட்கத்தால் மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதமின்றிச் சொன்னால் வங்கியில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

அந்த உம்மாவுக்கு என்ன சொன்னோம்? உரியவரைச் சேராத ஜகாத் கடமையை நிறைவேற்றாது. ஆகவே ஃபத்வா வழங்கும் பெரியோரிடம் கேட்டுத் தெளியுங்கள் என்றோம். கூடவே, அறியாமல் திருடன் கையில் ஸதகா கொடுத்த ஒருவரின் தர்மம் ஏற்கப்பட்டதென்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியையும் நினைவூட்டினோம். அது உபரியான தர்மத்தைப் பற்றியது. எனினும் தூய எண்ணம் ரப்பிடம் வீணாவதில்லை என்ற ஆறுதல் அதில் உண்டு. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே அமர்ந்து 1930க்கு அழைத்தார்.

வல்ல ரஹ்மான் நம் செல்வத்தையும் நம் ஆலிம்களின் கண்ணியத்தையும் வஞ்சகரிடமிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.