ஜெர்மானியவியல்

ஜெர்மானியவியல் என்பது ஜெர்மன் மொழியையும், அம்மொழியில் எழுந்த இலக்கியத்தையும், அவற்றோடு இணைந்த பண்பாட்டையும் ஆராய்ந்து கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறை ஆகும். ஜெர்மன் மொழியில் இது கெர்மானிஸ்டிக் என்றும், இத்துறை அறிஞர் கெர்மானிஸ்ட் என்றும் அழைக்கப்படுகின்றனர். ஜெர்மன் மொழியைப் பேசவும் எழுதவும் கற்பதும் இத்துறையில் பட்டம் பெறுவதும் ஒன்றல்ல. மொழிப்பயிற்சி இங்கு ஒரு கருவி மட்டுமே. மொழியின் வரலாறு, பனுவல்களின் பதிப்பு, இலக்கிய விளக்கம் ஆகியவையே துறையின் உள்ளடக்கம்.

ஜெர்மனி ஒரே நாடாக இணைந்தது 1871 இல். இத்துறையோ அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தோன்றிவிட்டது. இல்லாத ஒரு நாட்டுக்கு மொழியின் வழியே அடையாளம் தேடிய முயற்சியாக அது தொடங்கியதால், அதன் வரலாறு முழுவதும் அரசியலோடு பின்னிக் கிடக்கிறது.

பெயர்

கெர்மானிஸ்ட் என்னும் சொல் முதலில் மொழி அறிஞரைக் குறிக்கவில்லை. ரோமானியச் சட்டத்தை ஆராய்ந்த சட்ட அறிஞர்கள் ரோமானிஸ்ட் எனவும், பழைய ஜெர்மானியச் சட்ட மரபை ஆராய்ந்தவர்கள் கெர்மானிஸ்ட் எனவும் அழைக்கப்பட்டனர். 1846 இல் பிராங்க்பர்ட் நகரில் சட்டம், வரலாறு, மொழி ஆகிய மூன்று துறை அறிஞர்களும் ஒன்றுகூடினர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய யாக்கோப் கிரிம், இப்பெயரை மூவருக்கும் பொதுவாக்கலாம் என முன்மொழிந்தார். காலப்போக்கில் மொழி, இலக்கிய ஆய்வாளர்களுக்கே அது நிலைத்தது. ஜெர்மானிய மொழிக்குடும்பத்தில் ஆங்கிலம், டச்சு, சுவீடிய மொழி முதலியனவும் அடங்குவதால் இப்பெயர் சற்றுக் குழப்பம் தரக்கூடியது. சில பல்கலைக்கழகங்கள் இக்காரணத்தாலேயே 'ஜெர்மன் மொழிநூல்' எனப் பொருள்படும் பெயரைப் பயன்படுத்துகின்றன.

தோற்றம்

1810 இல் புதிதாகத் தொடங்கப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகத்தில் பிரீட்ரிக் ஹைன்ரிக் ஃபான் டெர் ஹாகன் ஜெர்மன் மொழி, இலக்கியத்துக்கான பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அதுவரை பல்கலைக்கழகங்களில் மொழிநூல் என்றாலே கிரேக்கமும் இலத்தீனும்தான்.

துறைக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர்கள் கிரிம் உடன்பிறப்புகளான யாக்கோப் (1785–1863), வில்ஹெல்ம் (1786–1859) ஆகியோர் ஆவர். 1812 இல் வெளிவந்த நாட்டார் கதைத்தொகுப்பால் உலகெங்கும் குழந்தைகளுக்கு அறிமுகமான இவர்கள், அடிப்படையில் மொழி அறிஞர்கள். யாக்கோப் தம் ஜெர்மன் இலக்கண நூலின் முதல் தொகுதியை 1819 இல் வெளியிட்டார். அதன் 1822 ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்ற ஒலிமாற்ற விதி இன்று கிரிம் விதி எனப்படுகிறது. டென்மார்க்கு அறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் 1818 இல் வெளிவந்த நூலில் இதன் பெரும்பகுதியை முன்பே கண்டிருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இவ்விதியைச் சில சொற்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். சமசுகிருதத்தில் 'பிதா', 'பாதம்' எனப் பகரத்தில் தொடங்கும் சொற்கள் ஆங்கிலத்தில் 'ஃபாதர்', 'ஃபுட்' எனவும், ஜெர்மனில் 'ஃபாட்டர்', 'ஃபூஸ்' எனவும் ஒலிக்கின்றன. பத்தைக் குறிக்கும் சமசுகிருத 'தச' ஆங்கிலத்தில் 'டென்' ஆனது. ஜெர்மனில் மேலும் ஒரு படி மாறி 'த்சேன்' ஆனது. இந்த இரண்டாவது மாற்றமே ஜெர்மனை ஆங்கிலம், டச்சு ஆகியவற்றிலிருந்து பிரித்தது. ஒலிகள் தாறுமாறாக மாறுவதில்லை, ஒழுங்காக மாறுகின்றன என்பதே இதிலிருந்து பெறப்பட்ட கருத்து. ஒப்பீட்டு மொழியியல் அதன்மீதே வளர்ந்தது.

1837 இல் ஹனோவர் மன்னர் எர்ன்ஸ்ட் ஆகுஸ்ட் அரசியலமைப்பை நீக்கியபோது, அதை எதிர்த்துக் கையொப்பமிட்ட கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுவர் பதவி நீக்கப்பட்டனர். கிரிம் உடன்பிறப்புகள் இருவரும், ஜெர்மன் இலக்கிய வரலாற்றை விரிவாக எழுதிவந்த கெர்வினுஸ் என்பாரும் அவ்வெழுவரில் அடங்குவர். யாக்கோப் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார். வேலையிழந்த நிலையில்தான் உடன்பிறப்புகள் 1838 இல் லைப்சிக் பதிப்பகத்தாரின் வேண்டுகோளை ஏற்று ஜெர்மன் பேரகராதிப் பணியைத் தொடங்கினர். முதல் தொகுதி 1854 இல் வெளிவந்தது. வில்ஹெல்ம் 'டி' எழுத்தை முடித்தபின் இறந்தார். யாக்கோப் இறந்தபோது 'எஃப்' எழுத்தில், கனியைக் குறிக்கும் 'ஃப்ருக்ட்' என்னும் சொல்லில் நின்றிருந்தார். தலைமுறைகள் கடந்து 1961 இல் 32 தொகுதிகளாக அகராதி நிறைவுற்றது. நாடு இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் கிழக்கு பெர்லினிலும் மேற்கிலுள்ள கோட்டிங்கனிலும் இருந்த பணிக்குழுக்கள் சேர்ந்தே அதை முடித்தன.

பதிப்பியல்

கார்ல் லாக்மன் (1793–1851) கிரேக்க, இலத்தீன் நூல்களுக்குப் பயன்படுத்தப்பட்ட சுவடி ஒப்பீட்டு முறையை இடைக்கால ஜெர்மன் இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். நீபெலுங்கன் பாடல் (1826), வால்ட்டர் ஃபான் டெர் ஃபோகல்வைடவின் பாடல்கள் (1827), வொல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக் படைப்புகள் (1833) ஆகியவற்றை அவர் பதிப்பித்தார். சுமார் 1200 இல் இயற்றப்பட்ட நீபெலுங்கன் பாடலுக்கு மூன்று முதன்மைச் சுவடிகள் உள்ளன. அவற்றுள் மிகக் குறுகியதே மூலத்துக்கு நெருங்கியது என்று லாக்மன் கருதினார். அவருக்குப் பின் வந்தோர் இதை மறுக்க, அறிஞர்களிடையே பல ஆண்டுகள் கடும் பூசல் நிகழ்ந்தது. தற்காலப் பதிப்புகள் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் கால்லன் நகரிலுள்ள சுவடியைப் பின்பற்றுகின்றன. மூன்று சுவடிகளும் 2009 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பதிப்பியல் பழைய நூல்களுக்கு மட்டும் உரியதன்று. கேயோர்க் பியூக்னர் 1837 இல் இறந்தபோது முடிக்காமல் விட்ட நாடகத்தின் கையெழுத்து மங்கியிருந்தது. அதை 1870களில் பதிப்பித்த கார்ல் எமில் ஃபிரான்சோஸ் தலைவனின் பெயரை 'வொட்செக்' எனப் படித்தார். சரியான பெயர் 'வோய்செக்' எனப் பின்னர் தெரியவந்தது. ஆனால், ஆல்பன் பெர்க் 1925 இல் அரங்கேற்றிய இசைநாடகம் அப்பிழையான பெயரிலேயே இன்றும் வழங்குகிறது.

நாட்சி ஆட்சிக் காலம்

நாடு உருவானபின் துறை பள்ளிக்கல்வியோடு இறுகப் பிணைந்தது. வில்ஹெல்ம் ஷேரர் போன்றோர் இலக்கிய வரலாற்றைத் தரவுகளின்மீது கட்ட முயன்றனர். வைமாரில் கோதேயின் படைப்புகள் 1887 முதல் 1919 வரை 143 தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பட்டன. அதே வேளையில் 'ஜெர்மன் தன்மை' எது என்பதை வரையறுப்பதே தன் கடமை என்னும் எண்ணமும் துறைக்குள் வலுத்தது. 1933 இல் நாட்சிகள் ஆட்சிக்கு வந்தபோது அவர்களுக்கு இங்கு எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்ததற்கு இது ஒரு காரணம் எனலாம். அவ்வாண்டு மே 10 அன்று நூல்கள் எரிக்கப்பட்டபோது பான் நகரில் ஹான்ஸ் நவுமன், கோட்டிங்கனில் கெர்ஹார்ட் ஃபிரிக்க ஆகிய ஜெர்மானியவியலாளர்களே நெருப்பின்முன் உரையாற்றினர். 1941 இல், போருக்கான அறிவுத்துறைப் பங்களிப்பு என்ற பெயரில், மொழியிலும் இலக்கியத்திலும் ஜெர்மன் இயல்பு பற்றி ஐந்து தொகுதிகள் வெளியிடப்பட்டன.

இக்காலத்தில் துறை இழந்தவர்களுள் ஆகாத்த லாஷ் (1879–1942) குறிப்பிடத்தக்கவர். பெர்லின் பேராசிரியர் குஸ்தாவ் ரோத்த தம் விரிவுரைகளுக்குப் பெண்களை அனுமதிக்க மறுத்த காலத்தில், லாஷ் ஹைடல்பெர்க் சென்று 1909 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரியில் கற்பித்தார். அவர் 1914 இல் வெளியிட்ட நடுக்கால வட ஜெர்மன் இலக்கணம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 1923 இல் ஹாம்பர்க்கில் பேராசிரியர் பட்டம் பெற்றதன் மூலம் இத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் ஜெர்மானியப் பெண் ஆனார். யூதர் என்பதால் 1934 இல் பதவி நீக்கப்பட்டார். பின்னர் அவருடைய நூலகமும் பறிமுதல் செய்யப்பட்டது. 1942 ஆகஸ்டில் பெர்லினிலிருந்து ரீகாவுக்கு நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் தொடங்கிவைத்த ஹாம்பர்க் வட்டார வழக்கு அகராதி 2006 இல் நிறைவு பெற்றது.

போருக்குப் பின்

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும், படைப்பை அதன் சொற்களுக்குள்ளிருந்தே விளக்கும் முறை ஓங்கியது. வொல்ஃப்காங் கைசர், எமில் ஷ்டைகர் ஆகியோர் இதன் முன்னோடிகள். நுண்ணிய வாசிப்பை வளர்த்த இம்முறை, வரலாற்றைப் பேசாமல் கடந்து செல்லவும் வசதியாக இருந்தது. கிழக்கு ஜெர்மனியில் மார்க்சிய நோக்கு கட்டாயமானது; லைப்சிக்கில் புகழ்பெற்று விளங்கிய ஹான்ஸ் மாயர் 1963 இல் மேற்குக்குச் சென்றார்.

1966 இல் மியூனிக்கில் நடைபெற்ற ஜெர்மானியவியலாளர் மாநாடு ஒரு திருப்புமுனை. தேசியவாதமே அதன் பொருள். எபர்ஹார்ட் லெம்மர்ட், வால்ட்டர் கில்லி, கார்ல் ஓட்டோ கொன்ராடி, பீட்டர் ஃபான் போலன்ஸ் ஆகியோர் தம் துறையின் கடந்த காலத்தை வெளிப்படையாக விமர்சித்தனர். எனினும் மறைந்திருந்தவை பல. ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1970 முதல் 1973 வரை தலைவராக இருந்த ஹான்ஸ் ஷ்வேர்ட்ட, உண்மையில் ஹான்ஸ் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் என்னும் முன்னாள் எஸ்.எஸ். அதிகாரி என்பது 1995 இல் வெளிவந்தது. போர் முடிந்ததும் பெயரை மாற்றிக்கொண்ட அவர், இரண்டாம் முறையாக முனைவர் பட்டமும் பெற்றிருந்தார். 2003 இல் வெளியான பன்னாட்டு ஜெர்மானியவியலாளர் அகராதி, வால்ட்டர் யென்ஸ் உள்ளிட்ட மதிப்புமிக்க அறிஞர் சிலரின் பெயர்கள் நாட்சிக் கட்சியின் உறுப்பினர் பதிவில் இருந்ததைக் காட்டியபோது விவாதம் மீண்டும் எழுந்தது.

பாடப்பிரிவுகள்

துறை பொதுவாக மூன்று பிரிவுகளைக் கொண்டது: மொழியியல், பழைய இலக்கியம், புதிய இலக்கியம். புதிய இலக்கியம் ஏறத்தாழ 16, 17 ஆம் நூற்றாண்டுகளிலிருந்து இன்றுவரை வருவது. மாணவர் பெரும்பாலும் இதை நாடியே சேர்கின்றனர். ஆனால் அவர்களைத் திணறவைப்பது பழைய இலக்கியப் பிரிவே. அங்கு சுமார் 1050 முதல் 1350 வரை வழங்கிய நடு உயர் ஜெர்மனைக் கற்கவேண்டும். 'உயர்' என்பது மேன்மையைக் குறிப்பதன்று. தெற்கின் உயர்ந்த நிலப்பகுதியைக் குறிப்பது.

அறியாச் சொற்களைவிட அறிந்த சொற்களே இதில் ஏமாற்றுகின்றன. இன்று திருமணத்தைக் குறிக்கும் 'ஹோக்சைட்' அன்று எந்தப் பெருவிழாவையும் குறித்தது. இன்று வேலை எனப் பொருள்படும் 'ஆர்பைட்' அன்று துன்பம் எனப் பொருள்பட்டது. அன்று பெண்ணைக் குறித்த பொதுச்சொல்லான 'வைப்' இன்று இழிவழக்காகிவிட்டது. உயர்குடிப் பெண்ணை மட்டும் குறித்த 'ஃபிராவ்' பொதுச்சொல் ஆகிவிட்டது.

ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொள்ளாதோருக்குக் கற்பிப்பதை ஆராயும் நான்காவது பிரிவும் உண்டு. இது 1956 இல் லைப்சிக்கில் தொடங்கிய நிறுவனத்தை முன்னோடியாகக் கொண்டு வளர்ந்தது.

ஜெர்மன் இலக்கியத்தின் எல்லை

ஜெர்மன் இலக்கியம் என்பது ஜெர்மனி நாட்டின் இலக்கியம் அன்று. ஃபிரான்ஸ் காஃப்கா பிராகாவில் வாழ்ந்தார். பவுல் செலான் இன்று உக்ரைனில் உள்ள செர்னோவிட்ஸ் நகரில் பிறந்தார். நோபல் பரிசு பெற்ற எலியாஸ் கனெட்டி (1981) பல்கேரியாவிலும், ஹெர்டா மியூல்லர் (2009) ருமேனியாவிலும் பிறந்தவர்கள். துருக்கியில் பிறந்த எமினெ செவ்கி ஓஸ்டமார் 2022 இல் பியூக்னர் பரிசு பெற்றார். பிறமொழிப் பின்னணியிலிருந்து ஜெர்மனில் எழுதுவோருக்கென 1985 இல் ஏற்படுத்தப்பட்ட ஷமிசோ பரிசு, 2017 இல் நிறுத்தப்பட்டது. அத்தகைய எழுத்தாளர்களைத் தனிப் பிரிவில் வைப்பது தேவையா என்ற கேள்வி அப்போது எழுந்தது. இக்கேள்வி துறையின் பாடத்திட்டத்துக்கும் பொருந்தும்.

பட்டப்படிப்பு

மாகிஸ்டர் என்னும் பழைய பட்டத்தின் இடத்தில், 1999 ஆம் ஆண்டின் பொலோனா உடன்பாட்டைத் தொடர்ந்து இளங்கலை, முதுகலைப் பட்டங்கள் வந்தன. மாணவரில் கணிசமானோர் பள்ளி ஆசிரியராகும் நோக்கில் இன்னொரு பாடத்தையும் சேர்த்துப் படிக்கின்றனர். பட்டத்துக்குப் பின் பள்ளியில் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும். ஏனையோர் பதிப்பகம், இதழியல், நாடக அரங்கு, நூலகம் முதலிய துறைகளுக்குச் செல்கின்றனர். கற்பித்தல் விரிவுரையை மட்டும் சார்ந்ததன்று. சிறு குழுவாக அமர்ந்து விவாதிக்கும் செமினாரும், அதன் முடிவில் மாணவர் எழுதும் ஆய்வுக்கட்டுரையுமே மதிப்பீட்டுக்கு அடிப்படை.

பிற நாடுகளில்

1951 இல் நிறுவப்பட்ட பன்னாட்டு ஜெர்மானியவியல் சங்கம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநாடு கூட்டுவதை வழக்கமாகக் கொண்டது. 1990 இல் அது டோக்கியோவில் கூடியது. அமெரிக்காவில் இலக்கியத்தோடு வரலாறு, அரசியல், திரைப்படம் ஆகியவற்றையும் இணைத்துப் படிக்கும் முறை பரவலாக உள்ளது.

இந்தியாவில் டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் இப்பாடம் ஆய்வுப் பட்டம் வரை கற்பிக்கப்படுகிறது. சென்னை உட்பட இந்திய நகரங்களில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோதே நிறுவனங்கள் மாக்ஸ் முல்லர் பவன் என அழைக்கப்படுகின்றன. ரிக் வேதத்தைப் பதிப்பித்தவராகவே இந்தியாவில் அறியப்படும் மாக்ஸ் முல்லர், 1854 இல் ஆக்ஸ்போர்டில் தற்கால ஐரோப்பிய மொழிகளின் பேராசிரியரானவர். நான்காம் நூற்றாண்டு தொடங்கித் தம் காலம் வரையிலான ஜெர்மன் இலக்கியத்திலிருந்து தெரிந்தெடுத்த தொகுப்பு ஒன்றை ஆங்கில மாணவருக்காக 1858 இல் அவர் வெளியிட்டார்.