மைல் என்பது எந்த மைல்?

பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழும் ‘கஸ்ர்’ சலுகைக்குரிய தொலைவை நம் ஷாஃபிஈ நூல்கள் நான்கு ‘பரீத்’ என வரையறுக்கின்றன. நான்கு பரீத் என்பது பதினாறு ஃபர்ஸக். ஒரு ஃபர்ஸக் மூன்று மைல். ஆக 48 மைல். இப்னு உமர் (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) ஆகிய இருவரும் நான்கு பரீத் தொலைவில் கஸ்ர் செய்ததை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். இதுவரை ஐயம் ஏதுமில்லை. இதனைக் கிலோமீட்டராக மாற்ற முற்படும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. ஒரு நூல் 77 கிலோமீட்டர் என்கிறது. மற்றொன்று 81 என்கிறது. டாக்டர் வஹ்பா அஸ்ஸுஹைலீயின் நூலோ 88.7 என்கிறது. பெருக்கலில் எவரும் பிழை செய்யவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட மைல்தான் வெவ்வேறு.

இச்சிக்கல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) காலத்தில் பக்தாதின் அறிஞர்கள் இதனை எதிர்கொண்டனர். பூமியின் ஒரு பாகை 500 ‘ஸ்டேடியா’ எனக் கிரேக்க நூல்கள் கூறின. ஆனால், அந்த அளவு தங்கள் வழக்கிலுள்ள எந்த அளவுக்குச் சமம் என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. எனவேதான் கலீஃபா புதிதாக அளக்க ஆணையிட்டார் என அல்பீரூனீ தமது ‘தஹ்தீத்’ நூலில் எழுதுகிறார். ஸின்ஜார் சமவெளியில் ஒரு குழு வடக்கும் மற்றொரு குழு தெற்குமாக, வானியல் அளவீட்டில் ஒரு பாகை வேறுபாடு தென்படும்வரை நிலத்தை அளந்து சென்றன. அக்கால அளவீடுகளுள், ஒரு பாகைக்கு ஐம்பத்தாறு மைலும் மூன்றில் இரு பங்கும் என்ற கணக்கை அல்ஃபர்கானீ தம் நூலில் எடுத்தாண்டார். அவர் கூறும் மைல் 4000 ‘கறுப்பு முழம்’ கொண்டது. அம்முழத்தின் நீளம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இத்தாலிய அறிஞர் நல்லினோவின் கணிப்பின்படி அந்த மைல் ஏறத்தாழ 1973 மீட்டர். அவ்வாறாயின் ஒரு பாகை சுமார் 111.8 கிலோமீட்டராகிறது. இன்றைய அளவு அப்பகுதியில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர்.

அல்ஃபர்கானீயின் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தது. அந்த எண்ணைக் கொலம்பஸ் ஏற்றுக்கொண்டார். ஆனால், அரபு மைலுக்குப் பதிலாக ஏறத்தாழ 1480 மீட்டர் கொண்ட இத்தாலிய மைலைப் பொருத்திக்கொண்டார். விளைவாகப் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரிலிருந்து சுமார் 30,000 ஆகச் சுருங்கியது. மேற்கே சென்றால் ஆசியா அண்மையில் உள்ளது என்று 1492இல் அவர் துணிந்து புறப்பட்டதற்கு இப்பிழையும் ஒரு காரணம். எண் பத்திரமாகக் கடல் கடந்தது. அதன் அலகு கரையிலேயே நின்றுவிட்டது.

நம் கஸ்ர் கணக்குக்கும் இதே நிலைதான். ஷாஃபிஈ நூல்கள் வெறும் மைல் என்று கூறாமல் ‘ஹாஷிமீ மைல்’ என்றே கூறுகின்றன. 48 ஹாஷிமீ மைல், 40 உமவீ மைலுக்குச் சமம் என்ற விளக்கமும் அவற்றில் உண்டு. ஒரு மைலுக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 6000 முழம் என்றார்கள். 4000 என்றோரும் 3500 என்றோரும் உளர். ஆங்கில மைலோ 1.609 கிலோமீட்டர். அதனை 48ஆல் பெருக்கினால் 77 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை வரும்வரை நம் சாலைக் கற்களில் இருந்தது இந்த ஆங்கில மைலே. பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒன்றெனக் கொள்வது எளிதாயிற்று.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்குச் செல்பவர் ஒரு நூலின்படி லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழலாம். மற்றொரு நூலின்படி நான்கு ரக்அத் தொழ வேண்டும். இத்தூரம் தோராயமானதன்று, திட்டவட்டமான எல்லை என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து என்பதால் வேறுபாடு மேலும் கனம் பெறுகிறது. பயணத்துக்கு இத்தனை மைல் என்ற வரம்பே இல்லை, வழக்கில் பயணம் எனப்படுவது எதுவோ அதுவே பயணம் என்ற இப்னு தைமிய்யாவின் நிலைப்பாடும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எந்த எண் சரி எனத் தீர்ப்பளிப்பது மார்க்க அறிஞர்களின் பொறுப்பு. நாம் வேண்டுவது ஒன்றே: கிலோமீட்டர் கணக்கை அச்சிடுவோர் எந்த மைல், எத்தனை முழம், முழம் எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் உடன் அச்சிட வேண்டும். அலகு தெரியாத எண்ணை அப்படியே ஏற்க மறுத்து, கயிறும் கருவியுமாக ஸின்ஜார் வெளிக்குச் சென்றவர்கள் நம் முன்னோர். அவர்களின் வழிவந்தோருக்கு இக்கவனம் பெரும் சுமையாகாது.