எந்த நாட்டின் மகன்?

மனிதன் மண்ணைத் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை. பெற்றோர் இருந்த இடத்தில் பிறக்கிறான். பிழைப்பு அழைத்த இடத்தில் வாழ்கிறான். ஆயினும் நாடுகளும் எல்லைகளும் ஏற்பட்ட பின்னர், "நீ எந்த நாட்டவன்?" என்ற வினாவிற்கு விடை கூறாமல் எவரும் நெடுந்தூரம் செல்ல இயலாது. அவ்வினா நீதிமன்றங்களிலும் குடியேற்ற அலுவலகங்களிலும் எழுவதுபோலவே, பதினொருவர் கூடிப் பந்தாடும் புல்வெளியிலும் எழுகின்றது. அயல்நாட்டில் பிறந்த ஒருவர் ஒரு நாட்டின் சட்டையை அணிந்து ஆடலாமா? ஆடலாம் எனில், எந்த உரிமையால்? ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமாகக் கால்பந்து உலகம் இதற்கு விடை தேடி வருகின்றது. அத்தேடலின் வரலாற்றைச் சற்றே புரட்டினால், விளையாட்டின் எல்லையைக் கடந்த ஓர் உண்மை நமக்குப் புலனாகும்.

உரோமையில் ஒரு வெற்றி

1930ஆம் ஆண்டு உருகுவாய் நாட்டின் மொந்தேவிதெயோ நகரில் முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. உருகுவாயிடம் 4-2 என்ற கணக்கில் தோற்ற அர்ஜென்டினா அணியில் லூயிஸ் மோன்டி என்பவர் ஆடினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1934 ஜூன் 10 அன்று, உரோமை நகரில் இரண்டாவது உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். செக்கோஸ்லோவாக்கியாவை 2-1 என வென்று கோப்பையை ஏந்திய இத்தாலி அணியிலும் அதே மோன்டி நின்றார். இரு நாடுகளுக்காக இரு உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் ஆடியவர் அவர் ஒருவரே.

இது எவ்வாறு இயன்றது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலட்சக்கணக்கான இத்தாலியர் வறுமையின் காரணமாகத் தென் அமெரிக்காவிற்குக் கப்பலேறினர். இத்தாலியின் 1912ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், பிறந்த மண்ணைவிட இரத்த வழியையே பெரிதாகக் கொண்டது. ஆகவே அர்ஜென்டினாவில் பிறந்த இத்தாலிய வழியினர் இத்தாலிக்குத் திரும்பியதும் எளிதில் இத்தாலியர் ஆயினர். மோன்டியுடன் ரைமுந்தோ ஓர்சி, என்ரிக்கே குவைட்டா ஆகியோரும் அந்த இறுதி ஆட்டத்தில் ஆடினர். இத்தாலி பின்தங்கி நின்ற வேளையில் சமன் செய்த கோலை அடித்தவர் ஓர்சி. அதற்கு முன்னர் ஆஸ்திரியாவுக்கு எதிரான அரையிறுதியில் ஒரே கோலை அடித்து இத்தாலியை இறுதிக்குக் கொண்டு சென்றவர் குவைட்டா.

இவர்களைச் சேர்த்தது முறையா என்ற முணுமுணுப்பு எழுந்தபோது, இத்தாலியப் பயிற்சியாளர் வித்தோரியோ போட்சோ, இத்தாலிக்காக இறக்கக் கடமைப்பட்டவர்கள் இத்தாலிக்காக ஆடவும் தகுதியுடையவர்களே என்று வாதிட்டதாகக் கூறுவர். அவர்கள் இத்தாலியப் படையில் சேரும் கடப்பாடு உடையவர்கள் என்பதே அவ்வாதத்தின் அடிப்படை. கேட்பதற்கு அது மிடுக்கான வாதமே. ஆனால் மறு ஆண்டே அது சோதனைக்குள்ளாயிற்று. 1935இல் முசோலினியின் அரசு எத்தியோப்பியா மீது படையெடுக்க ஆயத்தமானது. தாமும் படைக்கு அழைக்கப்படலாம் என்று அஞ்சிய குவைட்டா, உரோமை அணியின் வேறிரு தோழர்களுடன் அவ்வாண்டு செப்டம்பரில் இத்தாலியை விட்டு மறைந்து, அர்ஜென்டினா திரும்பினார். நேற்று வரை வீரர் எனப் போற்றப்பட்டவர் இன்று ஓடிப்போனவர் எனத் தூற்றப்பட்டார். கால்களைக் கேட்டுப் பெற்ற நாடு உயிரையும் கேட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை அவருக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

ஒரு கோலும் ஓர் உயிரும்

இத்தாலியில் இரத்தவழி வாயிலாயிற்று எனில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் "குடிமகனாக விரும்புகிறேன்" என்ற சொல்லே போதுமானதாயிற்று. ஜோ கேட்ஜென்ஸ் ஹெய்ட்டி நாட்டின் போர்ட்டோ பிரின்ஸ் நகரில் 1924இல் பிறந்தவர். கணக்கியல் பயில நியூயார்க் சென்றவர், உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டே பந்தாடினார். 1950 ஜூன் 29 அன்று பிரேசிலின் பெலோ ஒரிசோந்தே நகரில், கால்பந்தின் தாயகமெனத் தன்னைக் கருதிய இங்கிலாந்தை அமெரிக்கா 1-0 என வீழ்த்தியது. அந்த ஒரு கோலைத் தலையால் தட்டி அடித்தவர் கேட்ஜென்ஸ். அப்போது அவர் அமெரிக்கக் குடிமகன் அல்லர். அணித்தலைவராக இருந்தவரோ ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இன்னொருவர் பெல்ஜியத்தில் பிறந்தவர். குடியுரிமை பெற விரும்புவதாகத் தெரிவித்திருந்தால் போதும் என்பது அந்நாட்டுக் கால்பந்துக் கழகத்தின் அன்றைய விதி.

கேட்ஜென்ஸ் பின்னர் குடியுரிமை பெறவில்லை. தாய்நாடு திரும்பி, 1953இல் ஹெய்ட்டிக்காகவும் ஆடினார். அங்கே துவாலியே என்னும் கொடுங்கோலன் ஆட்சியைக் கைப்பற்றினான். 1964இல் வாழ்நாள் முழுமைக்கும் தானே அதிபர் என அறிவித்துக் கொண்டான். கேட்ஜென்ஸ் அரசியலில் ஈடுபட்டவர் அல்லர். ஆனால் அவர்தம் குடும்பத்தாருள் சிலர் அவ்வாட்சியை எதிர்த்தனர். 1964 ஜூலை 8 அன்று துவாலியேயின் கையாட்கள் அவரைப் பிடித்துச் சென்றனர். அதன்பின் அவரை எவரும் கண்டதில்லை. அமெரிக்கக் கால்பந்துப் புகழ் மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 1976இல். ஒரு நாடு அவர் அடித்த கோலைத் தன் வரலாற்றில் எழுதிக்கொண்டது. இன்னொரு நாடு அவர் உயிரையே பறித்துக்கொண்டது. இவ்விரண்டில் எது அவருக்குத் தாய்நாடாக நடந்துகொண்டது என நாம் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அகதியும் அடிமை நாட்டவனும்

1950களில் ஸ்பெயின் நாடும் இத்தகைய ஆட்டக்காரர்களை வரவேற்றது. அர்ஜென்டினாவுக்காக ஆடிய ஆல்பிரடோ டி ஸ்டெஃபானோ பின்னர் ஸ்பெயினுக்காக 31 ஆட்டங்களில் ஆடினார். ஹங்கேரிக்காக 84 கோல்கள் அடித்த பெரன்ஸ் புஸ்காஸ், 1956ஆம் ஆண்டுப் புரட்சியைச் சோவியத் படை நசுக்கிய வேளையில் தம் கழகத்துடன் வெளிநாட்டில் இருந்தார். நாடு திரும்ப மறுத்தார். 1962ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஸ்பெயினின் சட்டை அணிந்து ஆடினார். அதே போட்டியில், 1958இல் பிரேசிலுக்காக ஆடிய அல்தாஃபினி இத்தாலி அணியில் காணப்பட்டார். இதனைக் கண்ட பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, ஒரு நாட்டுக்காக ஆடியவர் மற்றொரு நாட்டுக்காக ஆடலாகாது என 1960களின் முற்பகுதியில் கதவை அடைத்தது. ஆயினும், அடைக்கலம் தேடி வந்த புஸ்காசையும் நல்வாய்ப்பைத் தேடி வந்த பிறரையும் அவ்விதி ஒரே தராசில் நிறுத்தியது.

அடிமைப்பட்ட நாடுகளில் பிறந்தோர் நிலை இன்னும் சிக்கலானது. மொசாம்பிக்கில் பிறந்த யுசேபியோ, 1966இல் போர்த்துகலுக்காக ஒன்பது கோல்கள் அடித்தார். அன்று அவர் ஆடுவதற்கு மொசாம்பிக் என்றொரு தனிநாடே இல்லை; அது விடுதலை பெற்றது 1975இல்தான். அல்ஜீரியாவில் பிறந்த ரஷித் மெக்லூஃபியோ வேறு வழி சென்றார். 1958 உலகக் கோப்பைக்கான பிரெஞ்சு அணியில் இடம்பெறும் நிலையில் இருந்த அவரும் முஸ்தபா சித்தூனியும், அவ்வாண்டு ஏப்ரலில் வேறு பல அல்ஜீரியருடன் இரகசியமாகப் பிரான்சை விட்டு வெளியேறித் துனிஸ் நகரை அடைந்தனர். அங்கே விடுதலை முன்னணியின் பெயரால் ஓர் அணி அமைந்தது. ஃபிஃபா அதனை ஏற்க மறுத்தது. இன்னும் பிறவாத ஒரு நாட்டிற்காக நான்கு ஆண்டுகள் அவர்கள் ஆடினர். குடியுரிமைச் சான்று எதுவும் காட்ட இயலாத அவ்வணியினரைவிடத் தம் நாட்டுக்கு உரியவராக வேறு எவரைச் சொல்வது?

மெய்யான பிணைப்பு

சட்ட உலகிலும் இதே வினா எழுந்தது. ஹாம்பர்கில் பிறந்து, குவாத்தமாலாவில் பல்லாண்டுகள் வணிகம் செய்து வாழ்ந்த நொட்டபோம் என்பவர், 1939இல் லிக்டென்ஸ்டைன் என்ற சிறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றார். அவ்வழக்கில் 1955இல் தீர்ப்பளித்த பன்னாட்டு நீதிமன்றம், தாளில் எழுதிய குடியுரிமை மட்டும் போதாது, மனிதனுக்கும் நாட்டுக்கும் இடையே மெய்யான பிணைப்பு இருத்தல் வேண்டும் என்றது.

கால்பந்து உலகம் அக்கருத்தை அடைய மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. ஜெர்மனியில் ஆடிக்கொண்டிருந்த பிரேசில் ஆட்டக்காரர் மூவரைப் பெரும்பொருள் கொடுத்துத் தன் அணியில் சேர்க்கக் கத்தார் நாடு 2004இல் முனைந்தது. அம்மூவருக்கும் அந்நாட்டோடு எத்தொடர்பும் இல்லை. உடனே ஃபிஃபா, புதுக் குடியுரிமை பெறுபவர் அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது அவருடைய பெற்றோருள் ஒருவரோ பாட்டன் பாட்டியருள் ஒருவரோ அங்குப் பிறந்திருக்க வேண்டும். அல்லது அவர் அங்கு ஈராண்டுகள் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என விதித்தது. 2008இல் அந்த ஈராண்டு, பதினெட்டு வயதுக்குப் பின் ஐந்தாண்டு என உயர்ந்தது.

ஒரு பக்கம் விதி இறுகியபோது, மறு பக்கம் அது இளகவும் செய்தது. இளம்பருவத்தில் ஒரு நாட்டின் சிறுவர் அணியில் ஆடியவர், தம் பெற்றோரின் நாட்டுக்கு மாற விரும்பினால் 21 வயதுக்குள் மாறலாம் என்று 2004இல் இடமளிக்கப்பட்டது. அவ்வயது வரம்பு 2009இல் நீக்கப்பட்டது. எனினும் முனீர் அல் ஹத்தாதி என்னும் இளைஞருக்கு அதுவும் உதவவில்லை. ஸ்பெயினில் மொராக்கோ வழியில் வந்த அவர், 2014இல் ஸ்பெயினின் முதன்மை அணிக்காகப் பதின்மூன்று நிமிடங்கள் ஆடினார். அப்பதின்மூன்று நிமிடங்கள் அவரை ஆறாண்டுகள் கட்டிவைத்தன. 2020 செப்டம்பரில் விதி மேலும் தளர்த்தப்பட்ட பின்னரே அவர் மொராக்கோவுக்காக ஆட வழி பிறந்தது.

இவ்விரு போக்கையும் ஒருசேர நோக்கினால் ஓர் ஒழுங்கு தென்படும். விதி இறுகிய இடங்களில் நாடுகளின் பேராசை இருந்தது. விதி இளகிய இடங்களில் தனி மனிதனின் நெருக்கடி இருந்தது. ஆனால் பேராசை எளிதில் அடங்குவதில்லை. மலேசியாவுக்காக ஆடிய வெளிநாட்டில் பிறந்தோர் எழுவரின் பாட்டன் பாட்டியர் பிறந்த இடத்தைக் காட்டும் ஆவணங்கள் பொய்யாகத் திருத்தப்பட்டவை என 2025 செப்டம்பரில் ஃபிஃபா முடிவு செய்து தண்டனை விதித்தது. பாட்டியின் பிறப்பையே இடம் மாற்றி எழுதத் துணிந்தால், விதி எத்துணை நுணுக்கமாக இருந்தும் என்ன பயன்?

நம் நாடோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜப்பானில் இந்தியத் தந்தைக்குப் பிறந்த இசுமி அராட்டா, தாம் பிறந்த நாட்டின் கடவுச்சீட்டைத் துறந்து 2012இல் இந்தியக் குடிமகனான பின்னரே, 2013இல் இந்திய அணியில் ஆடினார்.

கேட்கப்படாத கேள்வி

2022ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க நாடு மொராக்கோ. அவ்வணியின் 26 பேரில் 14 பேர் அந்நாட்டிற்கு வெளியே பிறந்தவர்கள். ஸ்பெயினை வெளியேற்றிய இறுதிப் பெனால்டியை அடித்த ஹக்கிமி பிறந்தது ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டில். அதே போட்டியில், கேமரூனில் பிறந்த எம்போலோ, சுவிட்சர்லாந்துக்காகக் கேமரூனுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தார்; அடித்ததும் ஆர்ப்பரிக்காமல், இரு கைகளையும் உயர்த்தி அமைதியாக நின்றார். ஆடும் நாட்டுக்குக் கடமையும் பிறந்த நாட்டுக்கு மரியாதையும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை அந்தச் சில நொடிகள் உலகிற்குக் காட்டின.

ஆனால் இதற்கு மாறான காட்சியும் உண்டு. துருக்கியக் குடும்பத்தில் ஜெர்மனியிலேயே பிறந்த மெசுத் ஓசில், 2014இல் ஜெர்மனி கோப்பை வெல்லத் துணைநின்றார். துருக்கிய அதிபருடன் அவர் எடுத்துக்கொண்ட படமும், 2018 உலகக் கோப்பையில் முதற்சுற்றிலேயே அடைந்த தோல்வியும் சேர்ந்து அவர்மீது வசைமாரி பொழியச் செய்தன. வென்றால் தம்மை ஜெர்மானியர் என்றும், தோற்றால் குடியேறியவர் என்றும் கருதுகின்றனர் என மனம் வெதும்பிக் கூறி அவர் நாட்டணியை விட்டு விலகினார். மண்ணிலேயே பிறந்தவருக்கு இந்நிலை எனில், வந்து சேர்ந்தவர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

எங்கே பிறந்தாய், உன் பாட்டி எங்கே பிறந்தாள், எத்தனை ஆண்டு வாழ்ந்தாய் என்று விதிகள் ஆட்டக்காரனை நோக்கிக் கேட்கின்றன. அவை தேவையான கேள்விகளே. அவையின்றிப் பணமுள்ள நாடு பிற நாட்டு மக்களை விலைக்கு வாங்கும் சந்தையாக விளையாட்டு மாறிவிடும். ஆனால் நாட்டை நோக்கிக் கேட்கும் கேள்வி ஒன்றேனும் அவ்விதிகளில் இல்லை. இவன் கால் ஒடிந்தால் நீ இவனை மகன் என்பாயா? இவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினாலும் இவன் உன் வீட்டுப் பிள்ளைதானா? குவைட்டாவிடமும் கேட்ஜென்சிடமும் ஓசிலிடமும் நாடுகள் பெற்றதை வரலாறு கணக்காக எழுதி வைத்துள்ளது. திருப்பிக் கொடுத்ததன் பக்கம் ஏறத்தாழ வெறுமையாகவே கிடக்கின்றது.

பிணைப்பு என்பது இரு முனையும் கட்டப்பட்ட கயிறு. ஒரு முனையை மட்டும் இழுத்துப் பார்த்து அதன் உறுதியை அளக்க இயலாது. நம் ஊருக்குப் பிழைக்க வந்த அயலானையும், நம் வீட்டிலிருந்து பிழைக்கச் சென்ற பிள்ளையையும் நாம் எவ்வாறு நினைக்கிறோம், எப்போது நம்மவர் என்கிறோம் என்று நம்மையே கேட்டுப் பார்ப்போம். அந்த விடையைப் பொறுத்தே, ஒரு நாட்டின் சட்டையை அணியும் தகுதி யாருக்கு உண்டு என்று தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கு உண்டா என்பதும் அமையும்.