வாட்ஸ்தேனா கன்னியர் மடம்

சுவீடன் நாட்டின் தென்பகுதியில் வேத்தர்ன் என்னும் பேரேரி ஒன்று உண்டு. அதன் கீழ்க்கரையில் வாட்ஸ்தேனா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கே நீலச் சாயல் பொருந்திய சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய கோயில் ஒன்று நிற்கின்றது. ஊர் மக்கள் அதனை நீலக்கோயில் என்றே வழங்குகின்றனர். கோபுர அலங்காரம் இல்லை. சிற்ப வேலைப்பாடும் மிகுதி இல்லை. கோயில் எளிமையும் உறுதியும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்று அதனைக் கருதிய பெண்மணி விதித்திருந்தார். அவ்விதியை மீறாமல் கொத்தர்கள் வேலை செய்திருக்கின்றனர். 1384 முதல் 1595 வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இக்கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த துறவியரின் வரலாற்றை இங்கே சற்று நோக்குவோம்.

சுவீடனுக்குக் கிறிஸ்தவம் காலந்தாழ்த்தே வந்தது. துறவு மடங்களோ அதற்கும் பின்னரே வந்தன. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வ்ரேத்தா என்னும் இடத்தில் பெண்களுக்கான மடம் ஒன்று அரச குடும்பத்தின் ஆதரவில் எழுந்தது. பின்னர் 1143ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் கிளேர்வோ மடத்திலிருந்து சிஸ்டெர்சிய சபைத் துறவிகள் வந்து ஆல்வாஸ்த்ரா, நீதாலா என்னும் இரு மடங்களை நிறுவினர். அந்நாளில் கிளேர்வோ மடத்தின் தலைவராய் இருந்தவர் புகழ்பெற்ற புனித பெர்னார்து. ஆல்வாஸ்த்ராவுக்கு நிலம் வழங்கியவர்கள் ஸ்வெர்க்கர் அரசரும் அவர் தேவி உல்வ்ஹில்தும் ஆவர். 1164இல் உப்சாலாவின் முதல் பேராயராக அமர்ந்த ஸ்தேபான் இம்மடத்துத் துறவியே. கல்லில் கட்டும் கலை, நீரைத் திருப்பிப் பயன்கொள்ளும் முறை, தோட்டப் பயிர் ஆகியவற்றை இத்துறவிகள் வளர்த்தனர் என்பதைப் பாடநூல்கள் எல்லாம் கூறுகின்றன. நாம் அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர்கள் செய்த பெரிய காரியம் வேறொன்று. உலகின் ஓரத்தில் கிடந்த ஒரு நாட்டை ஐரோப்பாவின் கல்வி வழக்கோடும் கடிதப் போக்குவரத்தோடும் அவர்கள் பிணைத்தனர்.

எனினும் இம்மடங்கள் யாவும் பிற நாட்டிலிருந்து கொணர்ந்து நட்ட நாற்றுகளே. சுவீடன் மண்ணிலேயே முளைத்து, பின் பிற நாடுகளுக்குச் சென்று படர்ந்தது வாட்ஸ்தேனா மடம் ஒன்றுதான்.

அதற்கு வித்திட்டவர் பிர்கித்தா அம்மையார். நம் நாட்டுக் கத்தோலிக்கர் பிரிஜித்தா என்று அவரை அழைப்பர். 1303ஆம் ஆண்டையொட்டி உப்லாந்து என்னும் பகுதியில் அவர் பிறந்தார். தந்தை பிர்கெர் பெர்சொன் அப்பகுதியின் சட்டத் தலைவர். 1296இல் உப்லாந்துச் சட்டம் தொகுக்கப்பட்டதில் பெரும் பங்கு கொண்டவர். பின்னாளில் மகள் ஒரு மடத்துக்குச் சட்டம் வகுத்தபோது காட்டிய நுணுக்கத்தைக் காணுங்கால் தந்தையின் கைவண்ணமே நமக்கு நினைவுக்கு வருகின்றது. பதின்மூன்று வயதளவில் பிர்கித்தாவுக்குத் திருமணம் நிகழ்ந்தது. கணவர் உல்ப் குத்மார்சொன். எண்மர் மக்கள் பிறந்தனர். மாக்னுஸ் அரசரின் இளம் அரசி பிளாங்காவுக்கு அரண்மனையில் துணையாகவும் வழிகாட்டியாகவும் பிர்கித்தா சில காலம் இருந்தார். கணவனும் மனைவியும் ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோவுக்கு யாத்திரை சென்று மீண்டனர். 1344இல் ஆல்வாஸ்த்ரா மடத்தில் உல்ப் உயிர் நீத்தார்.

கைம்மை எய்திய பின்னரே அம்மையாரின் பெருவாழ்வு தொடங்கிற்று எனலாம். இறைவனும் தேவமாதாவும் தம்மோடு பேசக் கேட்டதாக அவர் உரைத்தார். அவர் சுவீடிஷ் மொழியில் கூறியவற்றை ஆல்வாஸ்த்ரா மடத்துப் பேத்ருஸ் முதலிய குருமார் லத்தீனில் எழுதினர். அவ்வாக்குகள் அரசரையும் விடவில்லை, போப்பாண்டவரையும் விடவில்லை. அவை மெய்யான வெளிப்பாடுகள்தாமா என்பது பற்றிப் பதினைந்தாம் நூற்றாண்டின் திருச்சபைப் பெருமன்றங்களில் கடுமையான வாதம் நிகழ்ந்தது. அவ்வழக்கில் நாம் புக வேண்டா. அம்மையார் தம் கையாலேயே சுவீடிஷ் மொழியில் எழுதிய இரண்டு ஏடுகள் ஸ்டாக்ஹோம் அரச நூலகத்தில் இன்றும் உள்ளன. பதினான்காம் நூற்றாண்டுப் பெண்ணொருத்தியின் கையெழுத்து இவ்வளவு காலம் அழியாதிருப்பது அரிதினும் அரிது.

அரசரும் அரசியும் 1346இல் எழுதிவைத்த மரண சாசனத்தில் வாட்ஸ்தேனாவில் இருந்த அரண்மனையை மடம் அமைப்பதற்கென அளித்தனர். இடம் கிடைத்தது, சட்டம்தான் குறுக்கே நின்றது. 1215இல் கூடிய லாத்தரன் பொதுச்சங்கம் புதிய துறவற விதிகளை இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்திருந்தது. போப்பாண்டவரின் இசைவு பெறுவதற்காக 1349இல் அம்மையார் ரோமாபுரிக்குப் புறப்பட்டார். அப்போது போப்பாண்டவர் ரோமில் இல்லை. பிரான்சின் தென்பகுதியில் அவினியோன் நகரில் தங்கியிருந்தார். எனவே ரோமுக்குத் திரும்புமாறு வற்புறுத்துவதும் அம்மையாரின் பணியாயிற்று. அயலூரில் இருந்துகொண்டே லத்தீன் பயின்றார். தம் நாட்டு யாத்திரிகர்க்கு இல்லம் தந்தார். 1370இல் ஐந்தாம் உர்பன், புனித அகுஸ்தீனாரின் பழைய விதிக்கு உட்பட்ட துணைவிதி என்ற அளவில் அவர் கருதிய முறைக்கு ஒப்புதல் அளித்தார். பெயரளவில் பழைய விதி, உள்ளடக்கத்தில் புதிய விதி! திருச்சபைச் சட்டமும் காப்பாற்றப்பட்டது. அம்மையாரின் எண்ணமும் நிறைவேறிற்று. அதே போப்பாண்டவர் அவினியோனுக்கு மீளத் துணிந்தபோது, சென்றால் உயிர் நிலைக்காது என்று அம்மையார் எச்சரித்தார். அவர் சென்றார், அவ்வாண்டு டிசம்பரிலேயே இறந்தார்.

எருசலேம் யாத்திரை முடித்துத் திரும்பிய அம்மையார் 1373 ஜூலை 23இல் ரோமாபுரியில் காலமானார். ஊரை விட்டுப் புறப்பட்ட அவர் இருபத்துநான்கு ஆண்டுகளாகியும் திரும்பவில்லை. தாம் வகுத்த மடத்தில் ஒரு நாளேனும் அவர் வாழவில்லை. அவருடைய எலும்புகளையே மகள் காத்தரீனா 1374இல் வாட்ஸ்தேனாவுக்குக் கொண்டு சேர்த்தார். 1384இல் மடம் முறைப்படி அபிஷேகம் பெற்றது. 1391இல் பிர்கித்தா புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இனி மடத்தின் அமைப்பைக் காண்போம். கன்னியர் அறுபதின்மர், குருக்கள் பதின்மூவர், தியாகோன்கள் நால்வர், பணிச் சகோதரர் எண்மர், ஆக எண்பத்தைவர். பவுலையும் கூட்டி அப்போஸ்தலர் பதின்மூவர், சீடர் எழுபத்திருவர் என்னும் கணக்கை ஒட்டியது இத்தொகை. ஆடவரும் பெண்டிரும் தனித்தனி மதில்களுக்குள் வாழ்ந்தனர். கோயில் ஒன்றே இருவருக்கும் பொது. அக்கோயிலிலும் கன்னியர்க்கு உயரத்தில் தனி மேடை இருந்தது. இவ்விரு பகுதிக்கும் தலைமை யாரிடம் இருந்தது? மடத்துத் தலைவியாகிய கன்னியிடமே! அப்போஸ்தலர் நடுவே தேவமாதா விளங்கியது போல இங்கே தலைவி விளங்குவாள் என்பது விதியின் கருத்து. ஆன்மிகக் காரியங்களில் குருக்களின் தலைவருக்கு உரிமை உண்டு. நிலபுலன், வரவுசெலவு, மடத்து ஆட்சி ஆகியவை தலைவியின் கையில். பேராயர் முதல் கோயில் எழுத்தர் வரை ஆடவரே நிறைந்திருந்த காலத்தில் இது சிறிய செய்தியன்று.

விதியில் மேலும் சில செய்திகள் நம் உள்ளத்தைத் தொடுவன. மடத்துக்குள் ஒரு புதைகுழி எந்நாளும் திறந்தே கிடக்கும். தலைவியும் கன்னியரும் நாள்தோறும் அதனருகே சென்று சிறிது மண்ணை இட்டு மீள்வர். ஒவ்வோர் ஆண்டும் மரித்தோர் நினைவு நாளை ஒட்டி, வரும் ஆண்டுக்கு வேண்டுவன எவ்வளவு என்று கணக்கிட்டு எஞ்சியவற்றை ஏழையர்க்கு வழங்கிவிட வேண்டும். புத்தகங்களைப் பற்றிய விதி இன்னும் வியப்பானது. வழிபாட்டுக்கான நூல்கள் தேவைக்கு மேல் கூடா. கற்பதற்கான நூல்களோ எத்தனை வேண்டுமாயினும் வைத்துக்கொள்ளலாம்!

இவ்விதியின் பயனை நாட்டு மொழி அடைந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளைக் கொண்ட நூலகம் அங்கே வளர்ந்தது; அவற்றுள் எஞ்சியவற்றிற் பெரும்பகுதி இப்போது உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. குருமார் யாத்திரிகர்க்கு மக்கள் மொழியிலேயே பிரசங்கம் செய்தனர். கன்னியர் ஏடுகளைப் படியெடுத்தனர். லத்தீன் அறியாத கன்னியர்க்காக விவிலியத்தின் பகுதிகளும் பக்தி நூல்களும் மொழிபெயர்க்கப்பட்டன. பின்லாந்தில் நாத்தாலி என்னும் ஊரில் 1438இல் தோன்றிய கிளை மடத்தில் யோன்ஸ் புத்தே என்னும் துறவி யூதித்து, எஸ்தர், ரூத்து முதலிய ஆகமங்களைச் சுவீடிஷ் மொழிக்குக் கொணர்ந்தார். 1495இல் வாட்ஸ்தேனாவில் ஓர் அச்சகமும் அமைந்தது. அவ்வாண்டே தீ அதனைக் கொண்டுபோயிற்று. சுவீடன் மொழியின் எழுத்து வழக்கு உருப்பெற்ற இடங்களுள் இம்மடமும் ஒன்று என்று மொழிநூலார் கூறுவர். இதற்கிடையே இங்கிலாந்து, டென்மார்க், ஜெர்மனி, இத்தாலி, எஸ்தோனியா ஆகிய நாடுகளிலும் கிளைகள் தோன்றின.

இவ்வளவு வளர்ந்த மரம் எவ்வாறு வீழ்ந்தது? சமயக் கருத்து மாறுதலே காரணம் என்று கூறுதல் எளிது. ஆயின் கணக்கேட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். 1523இல் அரசரான குஸ்தாவ் வாசா லூபெக் நகர வணிகரிடம் பெருங்கடன் பட்டிருந்தார். நாட்டு நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திருச்சபையின் உடைமை. 1527இல் வேஸ்தெரோஸ் நகரில் கூடிய மன்றம் மடங்களையும் மேற்றிராணிமாரின் உபரி வருவாயையும் அரசருக்கு உரிமையாக்கிற்று. பிரபுக்களும், தம் முன்னோர் 1454க்குப் பின் வழங்கிய நிலங்களை மீளப் பெறலாம் என்று விதிக்கப்பட்டது. அதனால் அவர்களும் வாய்திறக்கவில்லை. வாய்திறந்தவர்கள் குடியானவர்களே. 1531இல் கடனுக்காகக் கோயில் மணிகளைப் பறித்தபோதும், 1542இல் ஸ்மோலாந்தில் நில்ஸ் டாக்கே தலைமையிலும் அவர்கள் கிளர்ந்தெழுந்து தோற்றனர். 1545இல் வாட்ஸ்தேனாவில் அரசர் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார். நானூறு ஆண்டுப் பழமை வாய்ந்த ஆல்வாஸ்த்ரா மடத்தின் கற்களைப் பெயர்த்து அதற்குக் கொண்டுவந்தனர். இன்று ஆல்வாஸ்த்ராவில் இடிந்த சுவர்களும் வளைவுகளுமே எஞ்சியுள்ளன.

வாட்ஸ்தேனாக் கன்னியர் மட்டும் எளிதில் அகலவில்லை. ஆடவர் பகுதி நூற்றாண்டின் நடுவிலேயே கலைந்துவிட்டது, நிலங்கள் பறிபோயின. கன்னியரோ மதிலுக்குள் பல்லாண்டு நிலைத்தனர். மூன்றாம் யோகானின் ஆட்சியில், அவருடைய போலந்து நாட்டு அரசி கத்தோலிக்கர் ஆதலின், சற்றே நிழல் கிடைத்தது. 1580இல் போப்பாண்டவரின் தூதர் பொசெவினோ அங்கே சென்று கன்னியரின் வார்த்தைப்பாடுகளை உறுதிசெய்தார். அரசர் இறந்ததும் நிழலும் மறைந்தது. 1593இல் உப்சாலாவில் கூடிய சங்கம் லூத்தரன் கொள்கையை நாட்டின் சமயமாக நிலைநாட்டியது. 1595இல் கார்ல் கோமகனின் ஆணைப்படி மடம் மூடப்பட்டது. கன்னியர் சிலர் கடல் கடந்து தான்சிக் நகரத்துக் கிளை மடத்தை அடைந்தனர்.

அதன்பின் சட்டம் கடுமையாயிற்று. 1617இல் கத்தோலிக்க மதத்தைத் தழுவும் சுவீடன் குடிமகனுக்கு மரண தண்டனையும் விதிக்கத்தகும் என்றாயிற்று. 1858இல்கூட மதம் மாறிய ஆறு பெண்களை நாடு கடத்தினர். அச்செய்தி ஐரோப்பா எங்கும் பரவி நாணம் உண்டாக்கியது. ஈராண்டில் சட்டம் தளர்ந்தது. துறவு மடங்களின் மீதிருந்த தடையோ 1951இல் சமய உரிமைச் சட்டம் இயற்றப்படும் வரை நீங்கவில்லை. அதன் பின்னும் அரசாங்க அனுமதி பெற்றே மடம் அமைக்க வேண்டும் என்னும் நிபந்தனை 1970கள் வரை நின்றது.

சட்டம் மாறுவதற்கு முன்னரே ஒரு பெண் திரும்பி வந்துவிட்டார். 1870இல் சுவீடனில் பிறந்த எலிசபெத் ஹெசல்பிளாத், வறுமையால் அமெரிக்கா சென்று செவிலித் தொழில் புரிந்தவர். 1902இல் கத்தோலிக்கரானார். பின்னர் ரோமில் பிர்கித்தா வாழ்ந்த இல்லத்தை அடைந்து, 1911இல் அவர் சபைக்குப் புதிய கிளை ஒன்றைத் தொடங்கினார். 1923இல் சுவீடனிலும், 1935இல் வாட்ஸ்தேனாவிலேயும் இல்லங்கள் திறந்தார். மடம் என்னும் பெயர் கூடாதாகையால் அதனை ஓய்வில்லம் என்றே நடத்தினார். 1937இல் நம் நாட்டிலும், கேரளத்தில் இச்சபை கால்கொண்டது. உலகப்போரின்போது ரோமில் யூதர்களுக்கு அவர் புகலிடம் தந்தார். 1957இல் காலமான அவர் 2016இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நீலக்கோயில் இன்று லூத்தரன் வழிபாட்டுக்கு உரியது. அங்குள்ள பேழையில் இரு மண்டையோடுகள் இருக்கின்றன; தாய் பிர்கித்தாவும் மகள் காத்தரீனாவும் என்று அவற்றைப் போற்றி வந்தனர். 2010இல் வெளியான ஆய்வோ அவ்விருவரும் தாயும் மகளும் அல்லர் என்று கண்டது. யாத்திரிகர் வருவது அதனால் நின்றுவிடவில்லை.

பழைய மரபின் கிளைகளுள் நெதர்லாந்து நாட்டில் ஒன்று அறாமல் வந்தது. 1434இல் தோன்றிய அம்மடம் 1713இல் ஊதென் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. அங்கிருந்து கன்னியர் சிலர் 1963இல் வாட்ஸ்தேனாவுக்கு வந்து, ஹெசல்பிளாத் அம்மையார் தொடங்கிய இல்லத்தை ஏற்றனர். 1991இல் அது தன்னுரிமை பெற்ற மடமாயிற்று. தலைவியும் முறைப்படி அமர்ந்தாள். 1595க்குப் பின் அவ்வேரிக்கரையில் முதல் தலைவி அவளே.